ஐடியா வரவில்லை என்றால் எந்த வழி? டிசைன் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஐடியாவே வரமாட்டேங்குது" என்று ஸ்டுடியோவில் ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். பிரீஃபே, அதாவது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்பே, பிடிபடவில்லை. அல்லது பிரீஃப் புரிந்தும் தாள் வெறுமையாகக் கிடக்கிறது. அல்லது ஒரே ஐடியா ஒட்டிக்கொண்டு, எதை வரைந்தாலும் அதன் தம்பி தங்கையாகவே வந்து விழுகிறது. அல்லது முப்பது ஐடியா இருக்கிறது, எதை ஜூரிக்கு, அதாவது ஆசிரியர்கள் மதிப்பிடும் அமர்வுக்கு, கொண்டுபோவது என்று தெரியவில்லை. நான்காவது ஆளிடம் போய் "இன்னும் இருபது ஸ்கெட்ச் போடு" என்பது, வயிறு முட்டத் தின்றவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைப்பதுதான். ‘ஐடியாவுக்குப் பத்து வழிகள்’ வகைப் பட்டியல்களில் பெரும்பாலும் இல்லாத விஷயம் இது. வழிகளைச் சொல்லும், எந்த முட்டுக்கு, அதாவது எந்தத் தடைக்கு, எது என்று சொல்லாது.

வழிகளை அந்தரத்தில் ஒப்பிட முடியாது. அதனால் ஒரு பிரீஃபை எடுத்துக்கொள்வோம்: கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புதிய பேக்கேஜிங். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். எல்லோரும் தின்றிருப்பார்கள், கையில் வாங்கிப் பார்க்கலாம், சோதித்துப் பார்க்கச் செலவும் அதிகமில்லை.

பிரீஃப் பிடிபடாதவர்களுக்கு

"பாரம்பரிய உணவுக்குச் சுற்றுச்சூழலைக் கெடுக்காத பேக்கேஜிங்" என்று ஒரு பிரீஃப் வந்தால் யாருக்கும் ஐடியா வராது. வரவும் கூடாது, ஏனென்றால் அதில் ஆள் இல்லை, இடம் இல்லை, அளவு இல்லை. இந்த நிலையில் ஸ்கெட்ச் போட உட்காருவது வீண். முதலில் பிரீஃபை ஒரே வாக்கியமாகத் திருப்பி எழுத வேண்டும். "கோவில்பட்டி ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் வாங்கி, இரவெல்லாம் பயணம் செய்து, காலையில் சென்னை வீட்டில் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் 200 கிராம் பாக்கெட்." இந்த வாக்கியத்திலேயே பாதி முட்டு உடைந்துவிடும். இதேபோல வேறு ஆளையும் இடத்தையும் வைத்து மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படி கேள்விப் பட்டியல். இதற்கு நம் நாட்டு டிசைன் கல்வியின் தொடக்கத்திலேயே ஒரு மாதிரி இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கைதான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் கல்வி நிறுவனமான என்ஐடி உருவாக வழிவகுத்தது. அதில் அவர்கள் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு, இதை இன்று வடிவமைப்பதானால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அடுக்கிப் போனார்கள். எவ்வளவு தண்ணீர், யார் கை, தலையிலா இடுப்பிலா, காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கும், நிறைந்திருக்கும்போது எங்கே, ஊற்றச் சாய்க்கும்போது எப்படி, உள்ளே கை விட்டுத் துலக்க முடியுமா, சூடாக இருந்தால் பிடிக்க முடியுமா, கல்லில் வைத்தால் என்ன சத்தம் கேட்கும். விடை ஒன்றுகூடச் சொல்லவில்லை. கேள்விகளை வாசிக்கும்போதே வடிவம் மனதில் எழத் தொடங்குகிறது.

கடலை மிட்டாய்க்கு அதையே செய்யுங்கள். வெல்லம் ஈரத்தை இழுக்கும், ஆகவே மழைக்காலத்தில் திறந்த பாக்கெட் எத்தனை மணி நேரத்தில் பிசுபிசுக்கும்? கடலை எண்ணெய் தாளில் ஊறும், எத்தனை நாளில் கறை வெளியே தெரியும்? வெளிச்சமும் காற்றும் பட்டால் அந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், அப்படியானால் கண்ணாடி மாதிரி ஜன்னல் வைத்த பாக்கெட் சரிதானா? திறப்பது பல்லாலா, விரலாலா? பாதி தின்ற பிறகு எப்படி மூடுவார்? உடைந்த தூள் எங்கே கொட்டும்? கடைக்காரர் அதைக் கம்பியில் தொங்கவிடுவாரா, பாட்டிலில் போடுவாரா? உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் உரிம எண் 14 இலக்கம், பச்சைப் புள்ளி, நிகர எடை, தயாரித்த தேதி, வேர்க்கடலை இருப்பதாக ஒவ்வாமை எச்சரிக்கை, இதெல்லாம் எந்தப் பக்கத்தில் உட்காரும்?

45 நிமிடத்தில் 30 கேள்வி என்று இலக்கு வையுங்கள். கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: "பார்க்க அழகாக இருக்குமா?", "இளைஞர்களுக்குப் பிடிக்குமா?" மாதிரியான கேள்விகள் புகுந்துவிடும். அளந்தோ, நின்று பார்த்தோ, செய்து பார்த்தோ விடை கண்டுபிடிக்க முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள்.

வெறும் தாளும் பின்டரஸ்ட்டும்

தாள் வெறுமையாக இருக்கும்போது முதலில் கை போவது பின்டரஸ்ட், பிஹான்ஸ் போன்ற படத் தளங்களுக்கு. இது தப்பு என்பதைவிட, நேரம் தப்பு என்பதே சரி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜான்சனும் ஸ்மித்தும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு டிசைன் படிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சு குழல் கூடாது என்றும் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் குழல் வைத்த மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தும், படத்தைப் பார்த்தவர்களின் வடிவங்களில் குழல் வந்து நின்றது. பார்த்த படம், பார்த்தவருக்கே தெரியாமல் கைக்குள் இறங்கிவிடுகிறது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் சொந்தக் கையால் ஒரு சுற்று, பிறகு ரெஃபரன்ஸ். பின்டரஸ்ட்டைத் திறக்கும்போதும் ‘ஸ்வீட் பேக்கேஜிங்’ என்று தேடாதீர்கள். உங்களுக்கு முன்பே அதைத் தேடிய எல்லோருக்கும் வந்த அதே கிராஃப்ட் அட்டையும் சணல் கயிறும்தான் உங்களுக்கும் வரும். பக்கத்துத் துறைக்குப் போங்கள். ஈரம் புகாமல் எப்படி மூடுவது என்பதற்கு மாத்திரை அட்டை, விதைப் பாக்கெட், சிமென்ட் மூட்டையின் தையல். உடையாமல் எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு முட்டைத் தட்டு, வளையல் பெட்டி.

சொந்தச் சுற்றுக்கு மிக எளிய வழி, கூகுளின் முதலீட்டுப் பிரிவான கூகுள் வென்ச்சர்ஸின் ஸ்பிரின்ட் முறையால் பரவலான ‘கிரேஸி எய்ட்ஸ்’. ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்தால் 8 கட்டம். கட்டத்துக்கு ஒரு நிமிடம், மொத்தம் 8 நிமிடம். போனில் டைமர், ஆனால் போன் கவிழ்ந்திருக்கட்டும். பேனா விஷயத்தில் ஒரு கறார்: 0.5 ஜெல் பேனா எடுத்தால் எழுத்துருவையும் நிழலையும் வரையப் போய்விடுவீர்கள். தடித்த ஸ்கெட்ச் பேனாவில் விவரம் வரைய இடமே இருக்காது.

இந்த முறை எப்படித் தோற்கும் என்பது எந்த வகுப்பிலும் கண்ணால் பார்க்கக்கூடியது. எட்டுக் கட்டத்திலும் அதே நீள்சதுரப் பாக்கெட், லோகோ மட்டும் இடம் மாறியிருக்கும். எண்ணிக்கை எட்டு, ஐடியா ஒன்று. டைமரைத் தொடங்கும் முன் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு வினைச்சொல் எழுதிவிட்டால் இது நடக்காது: கிழி, உருட்டு, அடுக்கு, தொங்கவிடு, உடை, மடி, பகிர், திருப்பிக் கொடு. ‘உருட்டு’ என்ற கட்டத்தில் நீள்சதுரம் வரைய முடியாது. முதல் சுற்றில் வருவது எல்லோர் தலையிலும் முன்னாலேயே நிற்கும் சரக்கு. அதை இறக்கி வைத்துவிட்டு இரண்டாம் சுற்று போடுங்கள். மூன்றாவது சுற்றில் கை தளர்ந்து பழையதே திரும்பும், இரண்டோடு நிறுத்தலாம்.

டிசைன் கல்லூரி நுழைவுத் தேர்வில் வரைந்து விடை தரும் கேள்விகளுக்கு வேறெதற்கும் நேரம் இருக்காது. அங்கே இதன் குட்டி வடிவம்தான் உதவும்: நான்கு கட்டம், கட்டத்துக்கு 45 நொடி, பிறகு ஒன்றை எடுத்து வரைவது.

ஒரே ஐடியா ஒட்டிக்கொண்டால்: ஸ்கேம்பரா, கட்டங்களா?

முட்டுகளில் பிடிவாதமானது இது. மாணவருக்கு மனதுக்குள் ஒரு விடை பிடித்துப்போயிருக்கும், பெரும்பாலும் முதல் நாளே. கடலை மிட்டாய் என்றால் பனை ஓலைப் பெட்டி. நல்ல ஐடியாவாகவே இருக்கலாம். ஆனால் வேறு எதையும் பார்க்காமல் அது நல்லதா என்று சொல்ல முடியாது. "இன்னொன்று யோசி" என்றால் ஓலைப் பெட்டிக்கு மூடி மாற்றிக் கொண்டுவருவார்.

இதற்குப் பலரும் கையில் எடுப்பது ஸ்கேம்பர். விளம்பரத்துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்பர்ன் தொகுத்த கேள்விகளை, 1971-ல் பாப் எபர்லி ஏழாகச் சுருக்கிப் பெயர் வைத்தார்: மாற்றிவை, சேர், வேறொன்றிலிருந்து தழுவு, பெருக்கு அல்லது சுருக்கு, வேறு வேலைக்கு வை, நீக்கு, தலைகீழாக்கு. ஏற்கெனவே ஒரு பொருள் கையில் இருந்தால் மட்டும் இது வேலை செய்யும். வெறும் தாளுக்கு உதவாது. கையில் இருக்கும் ஐடியாவை இது சீர்செய்யும், அதிலிருந்து வெளியே கொண்டுவராது. ஏழையும் வீட்டுப்பாடம் மாதிரி நிரப்புவதைவிட, ‘நீக்கு’, ‘தலைகீழாக்கு’ இரண்டை மட்டும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுப்பது அதிகம் தரும். பாக்கெட்டின் வெளியுறையை நீக்கினால்? கடைக்காரரின் கண்ணாடிப் பாட்டிலே பேக்கேஜிங் ஆகிவிட்டால், நாம் வடிவமைக்க வேண்டியது அந்தப் பாட்டிலும் ஒவ்வொரு துண்டையும் சுற்றும் தாளும்தான்.

ஐடியாவிலிருந்து வெளியே வர வேண்டுமானால் கட்ட முறை நல்லது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வானியற்பியலாளராக இருந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை. பொருளை அதன் தனித்தனி முடிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு பத்தி (மேலிருந்து கீழாக ஒரு வரிசை) போட வேண்டும்.

கடலை மிட்டாய்க்கு நான்கு பத்தி போதும். பொருள்: பனை ஓலை, அட்டை, பிளாஸ்டிக் படலம், தகரம். மூடுவது: சூட்டில் ஒட்டுவது, மடித்துச் செருகுவது, கயிறு, மூடி. உள்ளே மிட்டாயின் உருவம்: ஒரே கட்டி, சதுரத் துண்டு, உருண்டை, தனித்தனியே தாள் சுற்றிய துண்டு. விற்கும் இடம்: ரயில் நிலையம், பெட்டிக்கடை, கல்யாணத் தாம்பூலப் பை, ஆன்லைன். நான்கு பத்தியில் நான்கு நான்காக 256 சேர்க்கை. ஐந்தாவது பத்தி சேர்த்தால் 1,024 ஆகிவிடும், பார்த்து முடியாது.

இப்போது நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால் திரும்பவும் ஓலைப் பெட்டிதான். பத்திக்கு ஒரு முறை பகடையை உருட்டுங்கள், 5, 6 விழுந்தால் மறுபடி. தகரம், கயிறு, ஒரே கட்டி, தாம்பூலப் பை என்று விழுகிறது என்று வையுங்கள். முதல் பார்வையில் அபத்தம். தகர டப்பாவுக்கு எதற்குக் கயிறு? ஆனால் ‘ஒரே கட்டி’ என்பதில் கொஞ்சம் நில்லுங்கள். கட்டி சூடாக இருக்கும்போதே மேலே கோடு போட்டுவிட்டால், வீட்டில் வேண்டிய அளவு உடைத்துத் தின்னலாம். துண்டுகள் உரசித் தூள் கொட்டுவது குறையும், ஈரம் படும் பரப்பும் குறையும். பேக்கேஜிங்கின் வேலையில் ஒரு பகுதி மிட்டாய்க்கே போய்விடுகிறது. தகரமும் கயிறும் போகட்டும், இந்த ஒரு துணுக்கு கையில் வந்தது போதும். பத்துச் சேர்க்கையில் இரண்டு மூன்று துணுக்கு தேறினால் நல்ல வேளை.

இதில் கெடுவது பத்திகளை அமைக்கும்போதுதான். ஒன்றையொன்று சார்ந்த முடிவுகளைத் தனிப் பத்தியாகப் போட்டால் நடக்காத சேர்க்கைகளாகவே விழும். பனை ஓலையைச் சூட்டில் ஒட்ட முடியாது. அப்படிப்பட்ட ஜோடிகளை முதலிலேயே ஓரமாக எழுதி விலக்கிவிடுங்கள். ‘நிறம்’, ‘ஸ்டைல்’ என்ற பத்திகளைப் போடவே போடாதீர்கள், அவை மேல்பூச்சு. பத்திகளை ஒழுங்காக அமைக்கவே 40 நிமிடம் ஆகும், உருட்டுவதற்கு 20. ஸ்கேம்பரைவிட அதிக நேரம் தின்னும் முறை. ஒரே ஐடியாவில் சிக்கியவருக்கு அந்த நேரம் வீண் போகாது, மற்றவர்களுக்கு அவசியமில்லை.

கூடி யோசிப்பது: வாயாலா, தாளிலா?

குரூப் புராஜெக்ட் என்றாலே சுற்றி உட்கார்ந்து பிரெய்ன்ஸ்டார்மிங். அந்த முறையைப் பரப்பியவரும் ஆஸ்பர்ன்தான். குறை சொல்லாதே, நிறையச் சொல், விபரீதமாகச் சொல், அடுத்தவர் சொன்னதில் சேர்த்துச் சொல் என்ற நான்கு விதி அவருடையவை. ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நால்வர் கூடிச் சொன்னதைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் ஐடியாக்களைச் சேர்த்தபோது கிட்டத்தட்ட இரு மடங்கு வந்தது. காரணத்தை 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள். கூச்சமும் சோம்பலும் ஓரளவுக்குத்தான். பெரிய காரணம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறைக்காகக் காத்திருக்கும்போது கையிலிருந்த ஐடியா மறந்துபோகிறது, அல்லது அடுத்தவர் பேச்சில் புது ஐடியா எழவே இடமில்லாமல் போகிறது.

தாள் சுற்றும் முறையில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் 1960-களின் இறுதியில் வகுத்த 6-3-5: ஆறு பேர், ஆளுக்கு மூன்று ஐடியா, ஐந்து நிமிடம், பிறகு தாள் பக்கத்து ஆளுக்கு. ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில், 108 ஐடியா. குழுவில் நால்வர்தான் என்றால் நான்கு சுற்று, 48 ஐடியா, 20 நிமிடம்.

நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் வாசிக்க எதுவும் இல்லாததால் ஐந்து நிமிடம் அதிகம், கடைசிச் சுற்றில் மேலே உள்ள எல்லாவற்றையும் வாசித்துவிட்டு எழுத ஐந்து போதாது. மூன்றில் தொடங்கி ஏழில் முடிப்பது நல்லது. ஐடியாவை ஒரு கிறுக்கல் படமும் ஐந்தாறு சொல்லுமாக எழுத வேண்டும். வெறும் எழுத்தாக இருந்தால் ‘பாரம்பரிய லுக்’ போன்ற ஒன்றுமில்லாத சொற்கள் நிறைந்துவிடும். கையெழுத்து புரியாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும், பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அப்படியானால் வாய்விட்டுப் பேசுவதற்கு இடமே இல்லையா? இருக்கிறது, தாள் சுற்றி முடிந்த பிறகு. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் தப்பாகப் புரிந்துகொண்டு விளக்கும் இடத்தில் சில சமயம் நல்லது பிறக்கும். சீனியர், ஜூனியர் கலந்த குழுவில் தாள் முறையின் இன்னொரு நன்மை, யார் எழுதியது என்று பார்க்காமல் ஐடியாவைப் பார்க்க முடிவது.

எழுந்து வெளியே போவது

இதில் இரண்டு தனி விஷயங்கள் கலந்து பேசப்படுகின்றன. ஒன்று நடை, இன்னொன்று களம்.

நடையைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டான்ஃபோர்டில் 2014-ல் வெளியான ஆய்வில், நடந்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்களைவிட அன்றாடப் பொருள்களுக்கு அதிகமாகப் புதுப் பயன்களைச் சொன்னார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் அந்தப் பலன் இருந்தது. ஆனால் ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்கும் கேள்விகளில் நடை கைகொடுக்கவில்லை. ஆகவே முப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் தவிப்பவருக்கு நடை மருந்தல்ல. பிரீஃபையே சரியாக வாசிக்காதவர் நடந்தால் உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். கேள்விகளோடு ஒரு மணி நேரமாவது மல்லுக்கட்டிய பிறகு நடந்தால் பலன் உண்டு.

களம் என்றால் பெட்டிக்கடைக்கு எதிரே ஒரு மணி நேரம் நிற்பது. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள், பள்ளி விடும் நேரத்தில் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணில் பட்டது மட்டும், வலப்பக்கம் அதற்கு என்ன அர்த்தம் இருக்கலாம் என்பது. "பையன் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தான், ஒரு துண்டு கீழே விழுந்தது" இடப்பக்கம். "திறப்பது கடினம்" வலப்பக்கம். இரண்டையும் கலந்தால் போகும்போது என்ன நினைத்துப் போனீர்களோ அதையே பார்த்துவிட்டு வருவீர்கள். "எந்த மாதிரி பாக்கெட் பிடிக்கும்?" என்று கேட்கவே கூடாது, மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். "கடைசியாக வாங்கினதை எப்படித் திறந்தீங்க, காட்டுங்க" என்றால் கை உண்மையைச் சொல்லும். இங்கே பேசிய எல்லா முறைகளிலும் நேரம் அதிகம் பிடிப்பது களம்தான். சப்மிஷனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

ஏஐ எங்கே?

படம் தரும் ஏஐ கருவிகளைத் தொடக்கத்தில் பயன்படுத்துவது, பின்டரஸ்ட்டின் அதே பிரச்சினையை இன்னும் பளபளப்பாக்கித் தருகிறது. 2024-ல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்ததில், ஏஐ படங்களின் துணையோடு யோசித்தவர்கள் காட்டிய மாதிரியிலேயே அதிகம் சிக்கினார்கள். ஐடியாவின் எண்ணிக்கையும் வகையும் குறைந்தன. முடிந்த படம் போலத் தெரிவதே அதன் ஆபத்து. அரைகுறைக் கிறுக்கலைத் திருத்த மனம் வரும், பளபளப்பான படத்தைத் திருத்த வராது. தமிழ் எழுத்துகளை அது சில சமயம் உருக்குலைத்துவிடுவது தனிக் கதை.

எழுத்தில் பேசும் ஏஐ-யைக் கேள்விப் பட்டியல் முடிந்த பிறகு ஒரு வேலைக்கு வைக்கலாம்: "இந்த 30 கேள்வியில் இல்லாதது எது?" என்று கேளுங்கள். பத்துச் சொன்னால் ஒன்றிரண்டு தேறும். விடை கேட்காதீர்கள்.

முப்பதிலிருந்து மூன்று

தேர்வு செய்ய முடியாதவர்கள் பெரும்பாலும் பிடித்ததில் வண்ணப் புள்ளி ஒட்டச் சொல்லும் ஒட்டுப்புள்ளி வாக்கெடுப்பு நடத்துவார்கள். நண்பர்கள் நன்றாக வரைந்த ஸ்கெட்சுக்கு வாக்குப் போடுவார்கள், நல்ல ஐடியாவுக்கு அல்ல. அதற்குப் பதில் முன்பு எழுதிய கேள்விகளில் தலைபோகும் மூன்றை எடுங்கள். இங்கே ஈரம், திறப்பது, திரும்ப மூடுவது. மூன்றுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லாத ஸ்கெட்சைத் தள்ளுங்கள். முப்பது பெரும்பாலும் ஏழெட்டாகிவிடும். அதில் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்ட மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒன்றல்ல, மூன்று? 2010-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இணைய விளம்பரங்களை வைத்துச் சோதித்தார்கள். ஒன்றைச் செய்து, கருத்துக் கேட்டு, திருத்தி என்று வரிசையாகப் போனவர்களைவிட, ஒரே நேரத்தில் பலவற்றைச் செய்து கருத்துக் கேட்டவர்களின் விளம்பரங்கள் நன்றாக ஓடின. கையில் மூன்று இருக்கும்போது விமர்சனம் ஒன்றின் மேல் விழுந்தாலும் ஆள் சுருண்டுபோவதில்லை.

மூன்றையும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஐவரி ஷீட் அட்டையில் டம்மியாக, அதாவது மாதிரிப் பெட்டியாக, செய்யுங்கள். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் அட்டை வெடிக்காது. கடையில் வாங்கிய நிஜக் கடலை மிட்டாயை உள்ளே போட்டு, இரண்டு இரவு வைத்திருங்கள், ஒரு நாள் வெயில் படும் ஜன்னலோரத்தில். காலையில் எண்ணெய்க் கறை எந்த மடிப்பில் முதலில் வந்தது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். பட்டர் பேப்பர் உள்ளுறை தேவையா, எந்தப் பக்கம் அச்சிடக் கூடாது என்பதெல்லாம் அங்கேயே தெரியும். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போட்டு, உள்ளே சேர்ந்த தூளைச் சமையலறைத் தராசில் நிறுத்து அட்டையின் மேலேயே எழுதுங்கள். ஜூரிக்கு அந்தக் கறை படிந்த டம்மிகளையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். கணினியில் செய்த ரெண்டர் படங்களைப் பற்றி ஃபேக்கல்டி கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் அவற்றில் விடை இருக்கும்.